படை அனுப்புமுன் நாம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்



வெளிநாட்டுக்குப் படை அனுப்புவது பற்றி வாஷிங்டனில் விவாதம் எழும்போதெல்லாம், அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. குடியுரிமை பெறும்வரை "இது நம் நாட்டு விவகாரம் அன்று" என்கிறோம். பெற்ற பின்னர் "நம் சொல் எங்கே எடுபடப் போகிறது" என்கிறோம். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், ஊரிலுள்ள பெற்றோரின் உடல்நலம் என்று கவலைகள் பல இருக்கையில், நேட்டோவின் படைத் திட்டங்களைப் பற்றிச் சிந்திக்க யாருக்கு நேரம்?

ஆயினும் அந்தப் போர்கள் நம் தெருவரை வந்துவிட்டன. 2008 இல் நியூ ஜெர்சி தேசியக் காவற்படையிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர் ஈராக் பணிக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் முழுநேர வீரர்கள் அல்லர். வார நாட்களில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் காவல் நிலையங்களிலும் பணிபுரிந்த நம் அண்டை வீட்டார். 2021 இல் காபூல் வீழ்ந்த பின்னர், அதே மாநிலத்தின் மெக்குவயர்–டிக்ஸ்–லேக்ஹர்ஸ்ட் கூட்டுப் படைத்தளத்தில் ஆயிரக்கணக்கான ஆப்கானிய அகதிகள் தங்கவைக்கப்பட்டனர். டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே கில்லீன் நகரிலுள்ள ஃபோர்ட் ஹூட் தளத்திலிருந்து ஈராக்கிற்குச் சென்ற படையணிகள் பல. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஃப்ரீமாண்ட் நகரில் தமிழ்க் குழந்தைகளும் ஆப்கானியக் குழந்தைகளும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலாக, நமக்கு வேறொரு தகுதியும் உண்டு. படை அனுப்பும் நாட்டின் குடிமக்களாக இன்று நாம் இருக்கிறோம். அயல்நாட்டுப் படை வந்து இறங்கிய மண்ணின் மக்களாகவும் நம் இனம் ஒருகாலத்தில் இருந்தது. இவ்விரண்டு நிலைகளையும் அறிந்த சமூகங்கள் அமெரிக்காவில் மிகச் சிலவே. அந்த அனுபவத்திலிருந்து நாம் என்ன கற்றோம், அதைக் கொண்டு நம் மக்கள் பிரதிநிதிகளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் பொருள்.

வள்ளுவர் வகுத்த அளவுகோல்

போருக்குப் புறப்படும் அரசன் எதை எடைபோட வேண்டும் என்பதற்குத் திருக்குறளில் 'வலியறிதல்' என்று தனி அதிகாரமே உள்ளது. எடுத்துக்கொண்ட செயல் எவ்வளவு கடினமானது, நம்மிடம் உள்ள வலிமை எவ்வளவு, எதிரியின் வலிமை எவ்வளவு, உடன் வருவோரின் வலிமை எவ்வளவு என்று நான்கையும் சீர்தூக்கிய பின்னரே இறங்க வேண்டும் என்பது அதன் தொடக்கத்திலேயே கூறப்படும் அறிவுரை. இன்றைய கூட்டணிப் போர்களை ஆராயும் வல்லுநர்கள் தடித்த நூல்களில் எழுதுவதும் பெரும்பாலும் இந்த நான்கைப் பற்றியே. இந்த அளவுகோலைக் கையில் கொண்டு இரண்டு படையெடுப்புகளைப் பார்ப்போம். ஒன்று நம்முடையது. மற்றொன்று நாம் வரி செலுத்தும் நாட்டினுடையது.

1987: நம் மண்ணில் நடந்தது

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 48 மணி நேரத்தில் போர் நிறுத்தம், அதற்கடுத்த 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பு என்று ஒப்பந்தம் கூறிற்று. தேவைப்பட்டால் போர் நிறுத்தத்தை உறுதிசெய்ய இந்திய அமைதிப் படையை இலங்கை அதிபர் அழைக்கலாம் என்று அதன் இணைப்பு கூறிற்று. ஆயுதம் வைத்திருந்த விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. எந்த மக்களின் பாதுகாப்புக்காக அந்த ஏற்பாடு செய்யப்பட்டதோ, அந்த மக்களிடமும் யாரும் கேட்கவில்லை.

சில நாட்களில் முடியும் என்று எண்ணப்பட்ட பணி என்ன ஆயிற்று? ஏறத்தாழ பத்து வாரங்களில், அக்டோபர் மாதத்தில், அமைதி காக்கச் சென்ற படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும் போரில் இறங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் உலங்கு வானூர்தியில் இறக்கப்பட்ட வீரர்கள், தங்களுக்காக முன்னரே காத்திருந்த எதிரிகளின் நடுவே இறங்கினார்கள். அந்த ஆண்டு தீபாவளி நாளான அக்டோபர் 21 அன்று தொடங்கி, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நவம்பர் 25 அன்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் களத்தில் வீழ்ந்தார். இலங்கைப் பணிக்காகப் பரம்வீர் சக்ரா விருது பெற்ற ஒரே வீரர் அவர். தமிழரைக் காக்க என்று அனுப்பப்பட்ட ஒரு தமிழர், தமிழ் மண்ணில், தமிழருடன் நடந்த போரில் உயிரிழந்தார். இதைவிடக் கசப்பான செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

ஒரு டிவிசனில் தொடங்கிய படை நான்கு டிவிசன்களாக வளர்ந்தது. உச்சநிலையில் ஏறத்தாழ 80,000 பேர் இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தனர். இறந்த தமிழ்ப் பொதுமக்களின் எண்ணிக்கையை எந்த அரசும் முறையாக எண்ணி வெளியிடவில்லை. 1989 இல் அதிபர் பிரேமதாசா இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினார். அழைத்ததும் இலங்கை அதிபர் பதவியே, வெளியேறச் சொன்னதும் அப்பதவியே. 1990 மார்ச் 24 அன்று கடைசி வீரர்கள் கப்பலேறினர். சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய தமிழக முதல்வர் கலைஞர் கருணாநிதி செல்லவில்லை.

அந்த வீரர்களின் துணிவு குறித்து எவருக்கும் ஐயம் இல்லை. அவர்களை அனுப்பியவர்கள் நான்கு வலிமைகளில் எதையும் எடைபோடவில்லை என்பதே குறை. இலக்கு ஒப்பந்தத்தில் ஒன்றாகவும் களத்தில் மற்றொன்றாகவும் இருந்தது. எப்போது திரும்புவது என்பது எங்கும் எழுதப்படவில்லை.

2001: நாம் வரி செலுத்தும் நாட்டில் நடந்தது

செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள், நேட்டோ தன் வரலாற்றில் முதன்முறையாக ஒப்பந்தத்தின் 5 ஆம் பிரிவைக் கையிலெடுத்தது. ஓர் உறுப்பு நாட்டின்மீது நடக்கும் தாக்குதல் அனைவர்மீதும் நடக்கும் தாக்குதல் என்பது அப்பிரிவு. இளைஞர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இதில் உண்டு. ஒவ்வொரு நாடும் 'தான் தேவையெனக் கருதும்' நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் அப்பிரிவு சொல்கிறது. எத்தனை வீரர், எத்தனை காலம், எந்தக் களம் என்று எதையும் அது வரையறுக்கவில்லை. நேட்டோவுக்கென்று தனியாகப் பெரும் படை எதுவும் இல்லை. ஒவ்வொரு பணிக்கும் உறுப்பு நாடுகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் படை திரட்ட வேண்டும். நம் ஊர்த் திருவிழாவுக்கு வீடு வீடாக வரி தண்டுவதைப் போன்றதே இது. யார் எவ்வளவு கொடுப்பார், எந்த நிபந்தனையுடன் கொடுப்பார் என்பது கடைசிவரை உறுதியில்லை.

2001 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஒப்புதல் அளித்த பன்னாட்டுப் படை, முதலில் காபூல் நகரைக் காக்க மட்டுமே அமைக்கப்பட்டது. 2003 ஆகஸ்டில் நேட்டோ அதன் தலைமையை ஏற்றது. 2006 இறுதிக்குள் அதன் பொறுப்பு நாடு முழுவதற்கும் விரிந்தது. அல்கொய்தாவை ஒழிப்பது என்று தொடங்கிய பணி, அரசமைப்பது, சாலை போடுவது, காவல்துறையைப் பயிற்றுவிப்பது என்று வளர்ந்துகொண்டே போனது. இலக்கு வளர்ந்த வேகத்தில் படையோ பொறுமையோ வளரவில்லை.

உடன் வந்தோரின் வலிமையைப் பார்ப்போம். உச்சநிலையில் ஏறத்தாழ 50 நாடுகளின் 1,30,000க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே இருந்தனர். தாளில் பார்த்தால் பெரும் படை. ஆனால் பல நாடுகள் தங்கள் வீரர்களுக்குத் தனித்தனிக் கட்டுப்பாடுகளை விதித்திருந்தன. குறிப்பிட்ட மாகாணத்தை விட்டு வெளியே அனுப்பக் கூடாது, தாக்குதல் பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்பன போன்ற விதிகள் அவை. 2006 நவம்பரில் ரீகாவில் கூடிய நேட்டோ உச்சி மாநாட்டில் இதுவே பெரும் சிக்கலாகப் பேசப்பட்டது. தெற்கே கடும் போரில் அமெரிக்க, பிரித்தானிய, கனடிய, டச்சு, டேனிய வீரர்கள் சிக்கியிருந்தபோது, வடக்கே இருந்த படைகளை அங்கே நகர்த்தத் தளபதிகளால் இயலவில்லை. 457 பிரித்தானிய வீரர்களும் 158 கனடிய வீரர்களும் 43 டேனிய வீரர்களும் அப்போரில் இறந்தனர். கூட்டணி நாடுகள் எதையும் தரவில்லை என்று பின்னாளில் எவரேனும் பேசினால், இந்த எண்களை நினைவூட்டுவது நம் கடமை.

மக்களின் பொறுமை தீர்ந்தபோது என்ன நடந்தது என்பதையும் காண வேண்டும். 2010 பிப்ரவரியில், படையை நீட்டிப்பதா என்ற பூசலில் நெதர்லாந்தின் கூட்டணி அரசே கவிழ்ந்தது. ஆகஸ்டில் அதன் பணி முடிந்தது. 2009 டிசம்பரில் அதிபர் ஒபாமா 30,000 வீரர்களைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்தார். 2011 ஜூலையில் திரும்ப அழைக்கத் தொடங்குவதாகவும் அதே உரையில் கூறினார். எல்லைக்கு அப்பால் புகலிடம் வைத்திருந்த தாலிபானுக்கு, காத்திருக்க வேண்டிய காலத்தின் தொடக்கம் அன்றே தெரிந்துவிட்டது.

2020 பிப்ரவரி 29 அன்று தோகாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. காபூலில் இருந்த ஆப்கானிய அரசு அதில் கையெழுத்திடவில்லை. 20 ஆண்டுகள் உடன் நின்ற நேட்டோ நாடுகளும் அதில் ஒரு தரப்பாக இல்லை. 1987 இல் கொழும்பில் ஆயுதம் ஏந்தியவர் விடுபட்டனர். 2020 இல் தோகாவில் ஆட்சியில் இருந்தவர் விடுபட்டனர். இரண்டு இடங்களிலும், விளைவைச் சுமக்க வேண்டியவர் கையெழுத்து இன்றியே தாள் நிறைவேறியது. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது. ஆகஸ்ட் 30 அன்று கடைசி அமெரிக்க வீரர் வெளியேறினார். அதற்குள் 2,400க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் உயிரிழந்திருந்தனர். ஆப்கானியர் பட்ட இழப்பு அதைவிடப் பன்மடங்கு.

மறுத்த நாடும் உண்டு

இந்தப் பாடத்தை இந்தியா ஒருமுறை பயன்படுத்தியது. 2003 இல் ஈராக்கிற்கு ஒரு டிவிசன் அளவில், ஏறத்தாழ 17,000 வீரர்களை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டுக்கொண்டது. டெல்லியில் ஆதரவுக் குரல்களும் இருந்தன. ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லை என்று கூறி, 2003 ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. அத்தகைய ஆணை இருந்தால் பரிசீலிக்கலாம் என்றும் கூறியது. நட்பு முறியவில்லை. இரண்டே ஆண்டுகளில், 2005 இல், அணுசக்தி உடன்பாட்டுக்கான பேச்சு தொடங்கியது. நண்பனின் அழைப்பை மறுத்தால் நட்பே போய்விடும் என்போருக்கு இது நல்ல மறுமொழி.

தலையிடாமையும் குற்றம் ஆகலாம்

இதுவரை படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "2009 இல் முள்ளிவாய்க்காலில் நம் மக்கள் மடிந்தபோது, உலகம் தலையிடவில்லையே என்று பனியிலும் மழையிலும் வீதியில் நின்றவர்கள் நாம்தானே? இன்று படை அனுப்புவதை எதிர்க்கலாமா?"

நேர்மையான கேள்வி. 1994 இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்துகொண்டிருந்தபோது, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அங்கிருந்த தன் படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. தன் பன்னாட்டுப் பணியாளர்களை வன்னியிலிருந்து விலக்கிக்கொண்டது. பின்னர் 2012 இல் வெளியான ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கை, தன் அமைப்பு தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. எனவே 'எங்கும் எப்போதும் போகாதே' என்பது நம் நிலைப்பாடு ஆக முடியாது. யாழ்ப்பாண மருத்துவமனையையும் முள்ளிவாய்க்காலையும் ஒருசேர நினைவில் வைத்திருக்கும் மக்கள் நாம். ஆகவே எந்தப் படையையும் கண்ணை மூடிக்கொண்டு வாழ்த்தவும் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு பழிக்கவும் கூடாது. கேள்வி கேட்க வேண்டும்.

யார் கையில் அதிகாரம்?

அமெரிக்க அரசியலமைப்பு, போர் அறிவிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசிடம் கொடுத்துள்ளது. வியட்நாம் போரின் கசப்பில், நிக்சனின் தடையையும் மீறி 1973 இல் போர் அதிகாரத் தீர்மானம் நிறைவேறியது. படையைப் போரில் ஈடுபடுத்தினால் 48 மணி நேரத்தில் அதிபர் காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிடில் 60 நாட்களில் நிறுத்த வேண்டும். விலகிக்கொள்ள மேலும் 30 நாட்கள் உண்டு. நடைமுறையில் இரு கட்சி அதிபர்களும் இதைச் சுற்றிச் செல்ல வழி கண்டுள்ளனர். 2011 இல் லிபியா மீதான நேட்டோ நடவடிக்கை 60 நாட்களைக் கடந்தபோது, அது அச்சட்டம் குறிப்பிடும் 'போர்' அன்று என்று ஒபாமா அரசு வாதிட்டது.

2001 செப்டம்பர் 14 அன்று நிறைவேறிய படைப் பயன்பாட்டு ஒப்புதலின் முதன்மை வாசகம் 60 சொற்கள் அளவே கொண்டது. முடிவு நாள் அதில் இல்லை. நாட்டின் பெயரும் இல்லை. 2001 இல் பிறந்தேயிராத இயக்கங்களுக்கு எதிராகவும், சிரியா, சோமாலியா போன்ற களங்களிலும் அதே சொற்கள் அடிப்படையாகக் காட்டப்பட்டன. பிரதிநிதிகள் அவையில் 420 பேர் ஆதரித்தனர். எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர். வளைகுடாப் பகுதியின் ஓக்லண்டைச் சேர்ந்த பார்பரா லீ. கொலை மிரட்டல்கள் வந்தன. ஆயினும் அவருடைய தொகுதி மக்கள் அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

செர்மனியில் வேறு முறை. வெளிநாட்டுப் போர்ப் பணிக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1994 இல் தீர்ப்பளித்தது. ஒப்புதலில் வீரர் எண்ணிக்கைக்கும் காலத்துக்கும் வரம்பு உண்டு. காலம் முடிந்தால் மீண்டும் வாக்கெடுப்பு. இதனால் தளபதிகளுக்குச் சிரமம் உண்டு என்பது உண்மையே. ஆனால் தம் பிள்ளை ஏன் போனான் என்று கேட்கும் தாய்க்கு, ஆண்டுதோறும் யாரோ ஒருவர் எழுந்து விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

பெற்றோருக்கும் இளையோருக்கும்

தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் நம்மில் பலர், 'எது நிறைவேறினால் இந்தத் திட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படும்' என்பது எழுத்தில் இல்லாமல் ஆறு மாத வேலையைக்கூடத் தொடங்குவதில்லை. வாடிக்கையாளர் நடுவில் புதிய தேவைகளைச் சேர்த்தால், கூடுதல் ஆள் யார், கூடுதல் காலம் எவ்வளவு என்று உடனே கேட்கிறோம். உயிர்களைப் பணயம் வைக்கும் திட்டத்தில் அதே கேள்வியைக் கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

நம் பிள்ளைகளுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 18 முதல் 25 வயது வரையிலான ஆண்கள், குடிமக்கள் ஆயினும் பச்சை அட்டை பெற்றவர் ஆயினும், படைச் சேவைப் பதிவில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். எச்-4 போன்ற தற்காலிக விசாவில் செல்லுபடியாகத் தங்கியிருப்போருக்கு விலக்கு உண்டு. கட்டாயப் படைச் சேர்ப்பு 1973 இலேயே நின்றுவிட்டது. ஆயினும் பதிவு இல்லாமை பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்திற்கு இடையூறாகலாம். பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் நிலையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். படையில் விரும்பிச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. 2009 இல் தொடங்கி 2016 இல் நிறுத்தப்பட்ட 'மேவ்னி' திட்டத்தில், மொழித் திறனுக்காகக் குடியுரிமை இல்லாதவர்களைத் தரைப்படை சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. "நம் பிள்ளைகள் போக மாட்டார்கள்" என்ற எண்ணத்தில் வாளாவிருப்பது, அண்டை வீட்டுப் பிள்ளையின் உயிரை மலிவாகக் கருதுவதும் ஆகும்.

எனவே, அடுத்த முறை படை அனுப்பும் பேச்சு எழுகையில், உங்கள் தொகுதியின் பிரதிநிதிக்கும் மாநிலத்தின் இரு செனட்டர்களுக்கும் நான்கு கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.

1. இப்பணி முடிந்தது என்பதை எந்த அளவுகோல் கொண்டு அறிவீர்கள்? அந்த இலக்கு மாறினால் மீண்டும் வாக்கெடுப்பு நடக்குமா?

2. எத்தனை வீரர், எத்தனை காலம்? ஒருவர் களத்தில் இருக்கையில், திரும்பி ஓய்வெடுப்பவரையும் அடுத்துச் செல்லப் பயிற்சி பெறுபவரையும் கணக்கில் சேர்த்தீர்களா?

3. எதிரிக்குப் புகலிடம் எங்கே? அந்த மண்ணின் மக்களிடம் கேட்டீர்களா? உடன்பாட்டில் கையெழுத்திடாமல் விடுபட்டவர் யார்?

4. உடன் வரும் நாடுகள் என்னென்ன நிபந்தனைகளுடன் வருகின்றன? அவை விலகினால் அந்தச் சுமையை யார் ஏற்பார்?

தமிழ்ப் பள்ளிகளின் உயர்நிலை வகுப்புகளிலும் தமிழ்ச் சங்கங்களின் இளையோர் கூட்டங்களிலும் இக்கேள்விகளை விவாதப் பொருளாக வையுங்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்கட்டும். 1987 இல் என்ன நடந்தது என்பதைப் பெற்றோர் அவர்களுக்குச் சொல்லட்டும். குடியுரிமை பெற்றும் வாக்காளராகப் பதிவு செய்யாதவர்கள் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். வாக்குரிமை இல்லாத உறவுகளும் தங்கள் தொகுதி அலுவலகத்திற்குக் கடிதம் எழுதலாம், பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

யாழ்ப்பாணத்தில் அன்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இன்று வேறொரு நாட்டு மக்களின் சார்பில் வாஷிங்டனில் கேட்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோம்.